வடிவம் ஒன்று, பகுப்புப் பல: சங்க நூல்களில் இலக்கண வடிவத் தேடல்

சங்க இலக்கிய ஆய்வில் சொல்லடைவுகள் பெறும் இடம் பெரிது. 1962இல் வ.ஐ. சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு, 1966இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ந. சுப்பிரமணியனின் அடைவு, 1967 முதல் 1970 வரை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்த பழந்தமிழ் நூற் சொல்லடைவு, 1992இல் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினித் துணையுடன் தொகுத்த சங்கச் சொல்லடைவு என இம்மரபு அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மூல நூல்களை மின்வடிவில் தந்தது. ப. பாண்டியராஜாவின் தொடரடைவு இன்று எவரும் எளிதில் எடுத்தாளும் நிலையில் உள்ளது. 'இச்சொல் எங்கெங்கு வருகிறது?' என்னும் வினாவுக்கு இவை விடை தருகின்றன. 'இவ்விலக்கண வடிவம் எங்கெங்கு வருகிறது?' என்னும் வினா எழும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒரே வடிவத்தை இரண்டு அல்லது மூன்று வகையாகப் பகுக்க இயலும் இடங்களில் அடைவு எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டாது விட வேண்டும் என்பதை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

இது கணினி வந்தபின் பிறந்த சிக்கலன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் புணரியலின் இறுதி இரண்டு நூற்பாக்களை இதற்கென்றே ஒதுக்கியுள்ளார். எழுத்தால் ஒரே தோற்றம் கொண்டு பொருளால் வேறுபடும் புணர்ச்சிகள் ஒலிக்கும் முறையால் வேறுபடும் என்பது முதல் நூற்பாவின் கருத்து. அவ்வேறுபாட்டை இன்னது என எழுத்தால் காட்டும் வழியில்லை என்பது அடுத்ததன் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' யாவரும் அறிந்தது. செம்பொன் பதின்தொடியா, செம்பு ஒன்பதின்தொடியா என்பதில் பொருளும் எண்ணும் மாறிவிடுகின்றன. 'குன்றேறாமா' என்னும் மற்றோர் எடுத்துக்காட்டு இங்கு இன்னும் நெருக்கமானது. குன்று ஏறு ஆமா எனப் பிரித்தால் 'ஏறு' வினைத்தொகையின் நிலைமொழி. அந்த விலங்கு குன்றில் ஏறுவது. குன்று ஏறா மா எனப் பிரித்தால் 'ஏறா' எதிர்மறைப் பெயரெச்சம். அது குன்றில் ஏறாதது. எதிர்மறை வடிவங்களைத் தொகுக்க விரும்பும் ஆய்வாளருக்கு இத்தொடர் தேவையா தேவையில்லையா என்பது பிரித்தவரின் முடிவைப் பொறுத்தது. எழுத்து அதனைத் தீர்மானிக்காது என்று தொல்காப்பியரே கூறிவிட்டார்.

பிரித்த பாடமும் பிரிக்காத பாடமும்

ஓலைச்சுவடிகளில் சொல்லிடைவெளி இல்லை. புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. எனவே அச்சிடப்பட்ட ஒவ்வொரு பாடமும் ஏற்கெனவே ஒரு பகுப்பாகும். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோதும், 1940இல் எஸ். வையாபுரிப்பிள்ளை சங்க இலக்கியம் முழுவதையும் சமாஜப் பதிப்பாகத் தந்தபோதும், 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டபோதும் எண்ணற்ற முடிவுகள் எடுக்கப்பட்டன. மின்பாடங்கள் இவ்வகைப் பதிப்புகளை அடியொற்றி உருவானவை. கணினியில் தேடுபவர் பாடலைத் தேடுவதாகக் கருதுகிறார். உண்மையில் ஒரு பதிப்பாசிரியரின் சொற்பிரிப்பையே தேடுகிறார்.

பிரிக்காத பாடத்தை எடுத்துக்கொண்டாலும் இடர் நீங்குவதில்லை. குறுந்தொகை 40ஆம் பாடலின் ஆசிரியர் பெயர் செம்புலப்பெயனீரார். இப்பெயருக்குள் 'பெயல்' என்று தேடினால் கிடைக்காது. 'நீர்' என்று தேடினாலும் கிடைக்காது. லகரமும் நகரமும் கூடி னகரமாகிவிட்டன. பிரித்துத் தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆயின் 'பெயல்' என்பது மழையைக் குறிக்கும் பெயரா, பெய்தல் என்னும் தொழிற்பெயரா என்னும் வினா உடனே எழுகிறது. 'பரிபாடலில் நான் என்னும் தன்மைப் பெயர் வருவது அதன் பிற்காலத்தன்மைக்குச் சான்று' என்று பலர் எழுதியுள்ளனர். அச்சொல்லை எழுத்துச் சரமாக மட்டும் தேடினால் நான்மறையும் நான்மாடக்கூடலும் வந்து குவியும். இவ்வகைப் பிழையை எவரும் கண்டுகொள்வர். அதனால் அது பெருந்தீங்கு அன்று. கண்ணுக்குப் புலப்படாமல் எண்ணிக்கைக்குள் புகுந்துவிடும் பிழைகளே ஆராயத்தக்கவை.

பெயர்ச்சொற்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர்ச் சாலையில் உள்ள தொழிற்பேட்டை ஊர் பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் அவ்வூர் வரை திறக்கப்பட்டது. அதனை ஓசூருக்கு நீட்டிப்பது பற்றிய பேச்சும் உள்ளதால் தமிழிலும் இப்பெயர் எழுதப்படுகிறது. தமிழ் அறிந்த ஒருவர் இதனைப் பொம்மை, சந்திரன் எனப் பகுப்பது இயல்பு. தமிழ்ச் சொற்பட்டியலைக் கொண்டு இயங்கும் பகுப்பிக்கும் அதுவே இயல்பாகத் தோன்றும். ஆயின் அவ்வட்டாரத்துச் சிங்கசந்திரா, திப்பசந்திரா போன்ற பெயர்களின் ஈறு, ஏரியைக் குறிக்கும் 'சமுத்திர' என்பதன் திரிபாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தமிழகத்து அம்பாசமுத்திரத்தில் உள்ள ஈறும் அதுவே. 'பொம்ம' என்பதோ கன்னட வழக்கில் பிரமன் என்பதன் தற்பவமாய் ஆட்பெயரில் வருவது. நிலவைத் தேடுபவருக்கு ஏரி கிடைப்பது சிறு பிழைதான். ஆனால் பெங்களூர் வட்டாரத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை உள்ளடக்கி 1905இல் வெளிவந்த 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி போன்றவற்றை மின்னாக்கித் தேட முனையும்போது இப்பிழை நூற்றுக்கணக்கில் பெருகும். அங்கே இரு மொழிகளின் பெயர்கள் ஒரே வரிவடிவில் நிற்கின்றன.

'செய்யும்' என்னும் வாய்பாடு

வினைவடிவங்களில் முதலில் கருதத்தக்கது 'செய்யும்'. இது பெயரெச்சமாகவும் வரும், முற்றாகவும் வரும். திருக்குறள் 55ஆம் பாவில் உள்ள 'பெய்யும்' என்னும் ஒரு சொல்லே இதற்குப் போதிய சான்று. பரிமேலழகர் அதனை முற்றாகக் கொள்கிறார். அவர் உரைப்படி, கணவனைத் தொழுது எழும் மனைவி 'பெய்' என்று சொன்னால் மழை பெய்யும். இருபதாம் நூற்றாண்டில் வேறொரு விளக்கமும் வழங்கலாயிற்று. அதன்படி அது பெயரெச்சம். வேண்டும்போது பெய்கின்ற மழை போன்றவள் அவள் என்பது பொருள். முதலாவதில் கற்பின் ஆற்றல் இயற்கையை ஏவுகிறது. இரண்டாவதில் உவமை மட்டுமே உள்ளது. மகளிர் பற்றிய வள்ளுவரின் கருத்து எது என்று வாதிடும் இரு தரப்பும் ஓர் உம் ஈற்றின் மீதே நிற்கின்றன. 'திருக்குறளில் செய்யும் என்னும் முற்றுகள் எத்தனை?' என்று கேட்டு ஓர் அடைவு எண் தருமானால், இவ்வழக்கில் அது ஏற்கெனவே தீர்ப்புக் கூறிவிட்டது என்பதே பொருள்.

இங்கே மரபிலக்கணம் ஓரளவு துணைசெய்கிறது. செய்யும் என்னும் முற்று பலர்பாலிலும் முன்னிலையிலும் தன்மையிலும் வாராது என்பது வினையியல் விதி. எனவே அடுத்து நிற்பதும் அவ்வினைக்கு எழுவாயாகக் கூடியதும் பலர்பாற் பெயராயின், அது பெயரெச்சமே எனத் துணியலாம். ஏகாரம் பெற்றுப் பாட்டின் இறுதியில் நின்றால் முற்று எனத் துணியலாம். புறநானூறு 24இல் மாங்குடிகிழார் ஆளும் 'பாயுந்து', 'தூங்குந்து' போன்றவை உம் உந்தாகத் திரிந்த பெயரெச்சங்கள்; இவற்றில் மயக்கமே இல்லை. வேடிக்கை என்னவெனில், மயக்கமற்ற இவ்வடிவங்களைத்தான் உம் ஈற்றைத் தேடும் கணினி தவறவிடுகிறது. மயக்கமுள்ளவற்றைத் தவறாமல் கொண்டுவருகிறது. எட்டு நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் பயன்படுத்திய இவ்விதிகளை நிரலாகத் தருவது கடினமன்று. எஞ்சி நிற்பவையே உண்மையான மயக்கங்கள். அவற்றின் தொகையும் குறைவாகாது, ஏனெனில் செய்யுளில் வினை முன்னும் எழுவாய் பின்னும் வருவது இயல்பு.

நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை வகுத்த முறை இதனை மேலும் சிக்கலாக்குகிறது. 'மாட்டு' என்னும் உறுப்பைக் கொண்டு ஓரிடத்துச் சொல்லைப் பல அடிகளுக்கு அப்பாலுள்ள சொல்லோடு அவர் இயைப்பார். அவ்வியைபை ஏற்றால் ஓர் எச்சம் அடுத்த பெயரைத் தழுவாது எங்கோ உள்ள பெயரைத் தழுவும். மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இம்முறையை மறுத்துப் பாட்டின் இயல்பான ஓட்டத்திலேயே பொருள் கொண்டார். அடிகளின் மறுப்புப் பெரும்பாலும் சுவை பற்றியதாகவே படிக்கப்பட்டுள்ளது. அது பகுப்பு பற்றிய மறுப்பும் ஆகும்.

'செய்யா': ஆம் என்பதும் இல்லை என்பதும்

பொருள் முற்றிலும் எதிராகத் திரும்பும் இடம் 'செய்யா' என்னும் வடிவம். 'கேளா' என்று ஒரு சொல் பாட்டில் வந்தால், அது 'கேளாத' என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகலாம். 'கேளாமல்' என்னும் எதிர்மறை வினையெச்சமாகலாம். 'அவை கேளா' என்னும் பலவின்பால் எதிர்மறை முற்றாகலாம். 'கேட்டு' என்னும் உடன்பாட்டு வினையெச்சமும் ஆகலாம். முதல் மூன்றும் கேட்டலை மறுப்பன; நான்காவது கேட்டலை உறுதிசெய்வது. அளபெடை பெற்றுக் 'கேளாஅ' என நின்றாலும் இந்நான்கும் நீங்குவதில்லை. தலைவி கேட்டாளா கேட்கவில்லையா என்பது இவ்வொரு வடிவத்தின் பகுப்பில் தங்கும்போது, அடைவுக்காரர் அதனை ஒரு தலைப்பின்கீழ் இட்டுவிட்டு மற்றவற்றைக் கூறாது விடுவது ஏற்கத்தக்கதன்று.

இதில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளாகச் செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என ஒன்பதை விதந்து கூறினார். உடன்பாட்டுச் 'செய்யா' அப்பட்டியலில் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூலின் பன்னிரண்டு வாய்பாடுகளில் அது இடம்பெற்றுவிட்டது. சங்கப் பாடல்களில் உடன்பாட்டுச் செய்யா எத்தனை இடங்களில் வருகிறது, எந்தத் தொகையில் மிகுதியாக வருகிறது என்று கணக்கிட முடிந்தால், தொல்காப்பியப் பட்டியல் சங்கப் பாடல்களின் மொழியைத்தான் விளக்குகிறதா என்னும் பழைய வழக்கில் ஒரு சான்று கிடைக்கும். தொகைநூல்களின் முன்பின் வரிசைக்கும் அது உதவும். சங்க மொழியின் காலநிரலை வடிவங்களின் எண்ணிக்கையால் நிறுவ முயலும் ஆய்வேடுகள் இத்தகைய கணக்குகளையே நம்புகின்றன.

ஆனால் ஓரிடத்தில் 'செய்யா' உடன்பாடு என்று அறிவது எவ்வாறு? உரையில் 'செய்து' எனப் பொருள் விரிக்கப்பட்டிருப்பதால் அறிகிறோம். அவ்வுரை எழுதியவர் யார்? பதினான்காம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் நச்சினார்க்கினியர் போன்றோர். அவர்கள் செய்யா என்னும் வாய்பாடு இலக்கணத்தில் நிலைபெற்றுவிட்ட காலத்தில் கற்றவர்கள். அவர்கள் காலத்து இலக்கணத்தைக் கொண்டு பகுத்த வடிவத்தை எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு சங்க கால இலக்கணத்தை நிறுவுவது வட்டத்துக்குள் சுற்றுவதாகும். உரைகளின் பகுப்பு தவறு என்பது இதன் பொருளன்று. பல இடங்களில் அவையே சரியாக இருக்கக்கூடும். எந்தப் பகுப்பு பாடலிலிருந்து கட்டாயமாகக் கிடைத்தது, எந்தப் பகுப்பு உரையிலிருந்து வந்தது என்பதை அடைவு பிரித்துக் காட்டாதவரை அவ்வெண்களுக்குச் சான்று மதிப்பில்லை என்பதே கருத்து.

பிற வடிவங்களைச் சுருங்கச் சுட்டினால் போதும். 'இன்' என்னும் ஈறு ஐந்தாம் வேற்றுமை, சாரியை, உவமைப் பொருள், செயின் என்னும் எச்சம் ஆகிய நான்கிலும் வரும். 'பெய்தென' என்பது 'பெய்ததனால்' எனக் காரணப் பொருள் தருவதா, 'பெய்து' என்பதன்மேல் 'என' சேர்ந்ததா என்னும் ஐயம் எழும். 'ஆடு' பகுதி, ஏவல், வினைத்தொகை, விலங்கின் பெயர், வெற்றி என ஐந்து முகம் கொண்டது. 'தழீஇ' போன்ற சொல்லிசை அளபெடைகள் எழுத்தொழுங்கு செய்யப்படாத பாடத்தில் 'தழுவி' என்பதோடு சேரவே மாட்டா.

கிரேக்கத்திலிருந்து ஒரு பாடம்

பண்டைக் கிரேக்க நூல்களுக்கு இம்முயற்சி முன்னரே நடந்தது. 1972இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 'தெசாரஸ் லிங்குவே கிரேகே' என்னும் கிரேக்க நூற்றொகுதி தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பெர்சியஸ் திட்டம் மார்ஃபியஸ் என்னும் உருபனியல் பகுப்பியைக் கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் இயலக்கூடிய எல்லாப் பகுப்புகளையும் தந்தது. கிரேக்கத்திலும் மயக்கம் மிகுதி. 'லூசோ' என்பது 'விடுவிப்பேன்' என்னும் எதிர்கால முற்றாகவும் விழைவு முறை சார்ந்த வேறொரு வடிவமாகவும் நிற்கும். 'லுவோந்தோன்' என்பது ஆறாம் வேற்றுமைப் பன்மை எச்சமாகவும் 'அவர்கள் விடுவிப்பாராக' என்னும் வியங்கோளாகவும் நிற்கும். அஃறிணை போன்ற பால் ஒன்றில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வடிவமே ஒன்று.

எல்லாப் பகுப்புகளையும் தரும்போது, ஒரு வடிவத்தைத் தேடுபவருக்கு வேண்டாதவை மிகுதியாக வந்து சேரும். அதனைக் குறைக்கப் பெர்சியஸ் நிகழ்தகவைக் கணக்கிட்டு மிகுதியும் வாய்ப்புள்ள பகுப்பை முன்னிறுத்தியது. பயனர்கள் வாக்களிக்கும் வசதியையும் வைத்தது. இவற்றுக்கு மாறாக, சார்பு மரவங்கிகளில் அறிஞர்கள் ஒவ்வொரு தொடரையும் படித்து ஒரு பகுப்பை மட்டும் பதிந்தனர். முதல் வழியில் தேடல் முழுமையாகிறது, துல்லியம் குறைகிறது. இரண்டாம் வழியில் துல்லியம் கூடுகிறது, ஆனால் பதிந்தவரின் முடிவுக்கு மாறாக எண்ணிய எவருக்கும் அவ்விடம் கண்ணில் படுவதில்லை.

இவற்றுள் நிகழ்தகவை முன்னிறுத்தும் வழி சங்கப் பாடல்களுக்குப் பொருந்தாது. மரபுக் கணக்குப்படி 2381 பாடல்களைக் கொண்ட இத்தொகுதி சிறியது, மூடியது, இனி வளராதது. பல கோடிச் சொற்களில் ஒரு சில தவறினால் பொருட்படுத்தாத வணிகத் தேடலுக்கு உரிய அளவுகோல் இதற்கு ஆகாது. மேலும், இலக்கண ஆய்வாளர் தேடுவது பெரும்பாலும் அரிய வடிவத்தையே. வாய்ப்பு மிகுந்த பகுப்பை முன்னிறுத்தும் முறை அவ்வரிய வடிவத்தைத்தான் மறைக்கும். உடன்பாட்டுச் செய்யாவைத் தேடுபவருக்கு எதிர்மறையே மிகுதி என்று கூறுவதால் பயனில்லை. இக்காலத் தமிழுக்காக உருவாக்கப்பட்ட பகுப்பிகளைச் சங்கப் பாடங்கள் மீது அப்படியே ஏவினால் இதே விளைவு இன்னும் கூர்மையாக வெளிப்படும், ஏனெனில் இன்றைய உரைநடையில் உடன்பாட்டுச் செய்யா வழக்கொழிந்துவிட்டது.

கிரேக்கத்திலும் பழைய உரைக்குறிப்புகள் உண்டு. ஆயினும் தமிழில் உரை மரபு பகுப்பையே முதன்மைப் பணியாகக் கொண்டது. சொற்பிரிப்பு, எச்சம் கொண்டு முடியும் இடம், தொகையின் விரி ஆகியவற்றை உரைகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. பதிற்றுப்பத்துப் பழைய உரை இதில் சிறந்தது. எனவே ஒவ்வொரு மயக்க வடிவத்துக்கும் இயலும் பகுப்புகள் அனைத்தையும் பதிந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைக் கொண்டவர் பெயரையும் பதிவது தமிழுக்கு இயலக்கூடியது. தேடுபவர் 'நச்சினார்க்கினியர் கொண்ட செய்யா எச்சங்கள்' என்றோ, 'எவர் உரையையும் சாராமல் வடிவ விதியால் மட்டும் துணியப்பட்டவை' என்றோ தனித்தனியே கேட்க முடியும். முற்றெச்சம் போன்றவற்றுக்கும் இதுவே வழி. வடிவத்தால் முற்று, தொழிலால் எச்சம் என்று மரபே இரு நிலைகளையும் ஒரு பெயரில் அடக்கியுள்ளபோது, அடைவு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதை இழக்கத் தேவையில்லை. வடிவத்துக்கு ஒரு பத்தியும் தொழிலுக்கு ஒரு பத்தியும் வேண்டும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. உரைகள் எல்லா நூல்களுக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. கலித்தொகைக்கும் பத்துப்பாட்டுக்கும் நச்சினார்க்கினியர் உரை முழுமையாக உள்ளது. பரிபாடலுக்குப் பரிமேலழகர் உரை உண்டு. புறநானூற்றுப் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. அகநானூற்றுக்குத் தொடக்கத் தொண்ணூறு பாடல்களுக்கே பழைய குறிப்பு உள்ளது. நற்றிணைக்கும் குறுந்தொகைக்கும் பழைய உரை ஏதும் இன்று இல்லை; குறுந்தொகைக்குப் பேராசிரியர் செய்ததாகக் கூறப்படும் உரை மறைந்துவிட்டது. அவற்றின் பகுப்பு 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயராலும் 1937இல் உ.வே. சாமிநாதையராலும் பெரிதும் நிலைபெற்றது. 2008, 2010ஆம் ஆண்டுகளில் ஏவா வில்டன் சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்புகள் அவற்றை மீளப் பார்க்க இடம் தந்துள்ளன. ஆகவே சங்க நூல்களுள் காலத்தால் முந்தியவை எனப் பெரும்பாலும் கொள்ளப்படும் தொகைகளில் இரண்டுக்குக் கிடைக்கும் முதல் முழுப் பகுப்பு இருபதாம் நூற்றாண்டினது. நன்னூலைப் பயின்ற பதிப்பாசிரியர்கள் 'செய்யா'வை உடன்பாடாகக் கொண்ட இடங்களை அவ்விரு நூல்களிலும் முதலில் தனியே பிரித்துப் பட்டியலிட்டு, சுவடிப் பாடவேறுபாடுகளோடு ஒப்பிட்ட பின்னரே அவ்வடிவத்தின் எண்ணிக்கையைக் காலநிரல் வாதங்களில் எடுத்தாள இயலும்.